ஓய்வு நாளையும் அட்டவணையில் எழுதுங்கள்: மைதானப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்யும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம்.

நான் தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். தேர்வு அறிவிப்பு வந்த சில வாரங்களில் என்னிடம் வருகிறவர்களின் வயது மாறிவிடும். முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளுக்கு நடுவே இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடிப்பு, ஒருவனுக்குப் பின்தொடை இழுத்துக்கொண்டிருக்கும், இன்னொருத்திக்குக் காலின் முன்னெலும்பில் விரல் வைத்தாலே உயிர் போகும். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால், "மூணு வாரமா இருக்கு சார், மாஸ்டர்கிட்ட சொல்லல" என்பார்கள். ஏன் சொல்லவில்லை என்றால் பதில் வராது. சொன்னால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும் என்ற பயம்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். விடியற்காலை நாலரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் விளக்கு போட்டு நிற்பவர்கள் நீங்கள். காசில்லாத பிள்ளையிடம் ஃபீஸ் கேட்காதவர்கள் உங்களில் பலர். உங்களால் வேலைக்குப் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே நான்கு இருக்கின்றன. அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்: எல்லோரையும் ஒரே அட்டவணையில் ஓட வைப்பதை விட்டுவிடுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு நானும் என் நண்பனும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தோம். ஒரே அறை, ஒரே மெஸ் சாப்பாடு. காலையில் பத்து கிலோமீட்டர், சாயங்காலம் மறுபடி ஓட்டம், ஞாயிறு உட்பட. சேரும்போது நான் 100 மீட்டரை 12.9 விநாடியில் ஓடுவேன்; அவன் 14.5. மூன்று மாதத்தில் அவன் ஆளே மாறிப்போனான். ஓட ஓட அவனுக்கு உடம்பு லேசானது. எனக்கோ கால் கனத்துக்கொண்டே போனது. என் 100 மீட்டர் 13.7 ஆகிவிட்டது. இன்னும் நன்றாக ஓடினால் சரியாகிவிடும் என்றார்கள், ஓடினேன். தேர்வு நாளில் எழுபதாவது மீட்டரில் பின்தொடைத் தசை கிழிந்தது. நண்பன் இப்போது காவல்துறையில் இருக்கிறான். சோம்பேறித்தனத்தால் தோற்றேன் என்றுதான் ஐந்தாறு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி படிப்பில் தசை நார் பற்றிய பாடம் வந்தபோதுதான் எனக்கும் அவனுக்கும் என்ன நடந்தது என்று புரிந்தது.

நாட்டுக்கோழியை வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. கோழி நாள் முழுக்கக் குப்பையைக் கிளறிக்கொண்டு நடக்கிறது. அது பறப்பதெல்லாம் நாய் துரத்தினால் கூரைமேல் ஏறுகிற அளவுக்குத்தான். ஓயாமல் வேலை செய்யும் காலுக்குச் சிவப்பு நார், ஒரே வீச்சில் எழும்ப வேண்டிய நெஞ்சுக்கு வெள்ளை நார். நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு அதே நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். வேலை எப்படியோ அப்படித்தான் நிறமும்.

மனிதனுக்கு இப்படிப் பாகம் பிரித்து வைக்கவில்லை. ஒரே தொடைக்குள் இரண்டும் கம்பும் சோளமும் கலந்து விதைத்த மாதிரி கலந்து கிடக்கின்றன. சிவப்பு நார் மெதுவாகச் சுருங்கும், லேசில் களைக்காது. ரத்த நாளங்கள் அதைச் சுற்றி நெருக்கமாக ஓடும். ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதில் அதிகம். வெள்ளை நார் வெடுக்கென்று சுருங்கும், எடைப் பயிற்சி கொடுத்தால் சிவப்பு நாரைவிட நன்றாகப் பருக்கும், பெரிய விசை கொடுக்கும். ஆனால் சேர்த்து வைத்த சர்க்கரையை வேகமாக எரித்துத் தீர்த்துவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இந்த வெள்ளையிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று அதிவேக ரகம். மற்றது வேகமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் திறனும் சேர்ந்த நடு ரகம். எந்தப் பயிற்சி செய்தாலும் அதிவேக ரகத்தில் ஒரு பங்கு நடு ரகமாக மாறிவிடுகிறது.

சுவீடன் மருத்துவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல் தடித்த ஊசியால் தொடையிலிருந்து துளித் தசை எடுக்கும் முறையைப் பரவலாக்கினார். அதற்குப் பிறகு ஓட்டக்காரர்களின் தசையை எண்ணிப் பார்க்க முடிந்தது. சாதாரண ஆட்களுக்குத் தொடையில் சிவப்பும் வெள்ளையும் ஏறக்குறையப் பாதிப் பாதி. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குச் சிவப்பு மிக அதிகம். தடை ஓட்டத்தில் உலகச் சாம்பியனாக இருந்த ஒருவரின் தொடைத் தசையைச் சோதித்தபோது 71 சதவீதம் வேக நார், அதாவது வெள்ளை நார். அதிலும் அதிவேக ரகம் மட்டுமே 24 சதவீதம். நம் பக்கத்திலிருந்தே ஆள் சொல்கிறேன். புதுக்கோட்டை லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் 8.42 மீட்டர் தாண்டி நீளம் தாண்டுதலில் தேசிய சாதனை படைத்தார். இந்த இருவருக்கும் ஒரே அட்டவணை போட்டுக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். உங்கள் மைதானத்தில் வரிசையில் நிற்கும் அறுபது பேரிலும் லட்சுமணன் பக்கம் சாய்ந்தவன் இருக்கிறான், ஜெஸ்வின் பக்கம் சாய்ந்தவனும் இருக்கிறான். பெரும்பாலானவர்கள் நடுவில் இருக்கிறார்கள்.

சரி, ஓடத் தெரிந்தவனுக்கும் தாண்டத் தெரிந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும், நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாதது ஓய்வு விஷயம். அதைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஊசி குத்தாமல், ஸ்கேன் மூலம் கெண்டைக்கால் தசையில் கார்னோசின் என்ற பொருளை அளந்தார்கள். அது வேக நாரில்தான் அதிகம் இருக்கும். அதை வைத்து வேக நார் மிகுந்தவர்கள் ஒரு குழு, மெது நார், அதாவது சிவப்பு நார், மிகுந்தவர்கள் ஒரு குழு என்று பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே வேலை: பயிற்சி சைக்கிளில் 30 விநாடி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் ஓய்வு, அப்படி மூன்று முறை. மெது நார்க்காரர்களின் விசை 41 சதவீதம் இறங்கியது; வேக நார்க்காரர்களுக்கு 61 சதவீதம். இது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு தொடையின் பலத்தை மணிக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். மெது நார்க்காரர்கள் இருபது நிமிடத்தில் பழைய பலத்துக்கு வந்துவிட்டார்கள். வேக நார்க்காரர்கள் ஐந்து மணி நேரம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை.

இருபது நிமிடம் எங்கே, ஐந்து மணி நேரம் எங்கே! இரண்டு பேரும் ஒரே வயது இளைஞர்கள், செய்ததும் ஒரே வேலை. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது, அந்தப் பயிற்சி மையத்து அறையில் சாயங்கால விசில் சத்தம் கேட்டு எழ முடியாமல் படுத்துக் கிடந்த என் கால்கள்தான் ஞாபகம் வந்தன.

ஒரு நாளுக்கே இப்படி என்றால் வாரக்கணக்கில்? ஆஸ்திரேலியாவில் நன்கு பயிற்சி பெற்ற 24 ஓட்டக்காரர்களுக்கு மூன்று வாரம் ஓடும் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். சிலர் தாங்கிக்கொண்டார்கள். சிலர் தேறுவதற்குப் பதிலாக வேகம் குறைந்து, ஓய்ந்துபோனார்கள். அப்படி ஓய்ந்தவர்களுக்குத்தான் வேக நார் கூடுதலாக இருந்தது. காயமும் அவர்களைத்தான் தேடி வருகிறது. பெல்ஜியத்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்களில், வேக நார் மிகுந்தவர்களுக்குப் பின்தொடை கிழியும் வாய்ப்பு மெது நார் மிகுந்தவர்களைப் போல ஐந்து மடங்கு இருந்தது.

ஆக, உங்களிடம் வரும்போதே வேகமாக ஓடுகிற, உயரமாகத் தாண்டுகிற பிள்ளைதான் தினசரிப் பத்து கிலோமீட்டரில் முதலில் உடைகிறான். நம் பார்வையில் அவன் "முதல்ல நல்லா இருந்தான், அப்புறம் சோம்பேறி ஆயிட்டான்". அவன் ஓய்வில்லாமல் ஓய்ந்து போயிருக்கிறான், அவ்வளவுதான்.

இப்போது தேர்வையே எடுத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அது தகுதி ஓட்டம் மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் வந்தாலும் ஆறேமுக்கால் நிமிடத்தில் வந்தாலும் ஒன்றுதான். அடுத்த கட்டத்துக்குப் போகலாம், அவ்வளவே. மதிப்பெண் தரும் ஸ்டார் எங்கே கிடைக்கிறது? கயிறு ஏறுவதில், நீளம் அல்லது உயரம் தாண்டுவதில், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டத்தில். மூன்றும் பலமும் வேகமும் கேட்பவை. அதாவது வெள்ளை நாரின் வேலை. தகுதிக்கு மட்டும் தேவைப்படும் ஒன்றுக்காகத் தினமும் ஓட வைத்து, மதிப்பெண் தரும் மூன்றுக்கும் தேவையான நாரை நிரந்தரமாகக் களைத்துப்போட்டு வைக்கிறோம். எனக்கு நடந்தது இதுதான். 13.5 விநாடிக்குள் வந்தால் இரண்டு ஸ்டார். 12.9இல் வந்தவனை 13.7க்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. உடம்பில் வேறு குறை இல்லாத இளைஞன் வேக நார்க்காரனாக இருந்தாலும், வாரம் மூன்று நாள் ஒழுங்காக ஓடினால் எட்டக்கூடிய வேகம் இது. அதற்குத் தினம் பத்து கிலோமீட்டர் தேவையே இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தகுதி ஓட்டமே 400 மீட்டர்தான், 2 நிமிடம் 30 விநாடி. பிறகு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர். அவர்களையும் ஏன் ஐந்து ஆறு கிலோமீட்டர் ஓட வைக்கிறோம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. அக்னிவீர் தேர்வு வேறு மாதிரி. அங்கே 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். 100 மீட்டருக்கு 21 விநாடிக்கும் குறைவு. அதற்குத் தாக்குப்பிடிக்கும் ஓட்டம் நிறையவே வேண்டும். இரண்டு தேர்வுக்கும் போகிற பிள்ளைகளை ஒரே கூட்டமாக ஓட வைக்கும்போது காவலர் தேர்வுக்காரனுக்குத்தான் நஷ்டம்.

"பயிற்சி கொடுத்தால் நார் மாறாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மாறும். அமெரிக்காவில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களைச் சோதித்தார்கள். ஒருவர் முப்பது வருடம் நெடுந்தூரம் ஓடியவர், மற்றவர் பயிற்சி எதுவும் செய்யாதவர். ஓடியவருக்கு மெது நார் 90 சதவீதத்துக்கு மேல், மற்றவருக்கு 40 சதவீதம் பக்கம். பிறப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அது முப்பது வருட ஓட்டம், மாஸ்டர். நமக்குக் கிடைப்பது மூன்று நான்கு மாதம். அதற்குள் இதயம் தேறும், நடு ரகம் கூடும், 1,500 மீட்டர் நேரம் நன்றாகவே குறையும். ஆளே மாறிவிடமாட்டான். இதற்கென்று மரபணுச் சோதனை செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் பிள்ளைகளின் பணத்தைக் காப்பாற்றுங்கள். ஒரு மரபணுவை வைத்து ஒருவனின் ஓட்டத்தைக் கணிக்க முடியாது.

யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஸ்கேனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். துல்லியமாக வராது, ஆனால் பயிற்சியைப் பிரிக்கும் அளவுக்குத் தெரியும். சேர்ந்த முதல் வாரத்தில் 100 மீட்டரையும் 1,500 மீட்டரையும் தனித்தனி நாளில் ஓடவைத்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 100இல் முதல் பத்துக்குள் வந்து 1,500இல் நாற்பதாவதாக வருகிறவன் ஒரு ரகம். தலைகீழாக வருகிறவன் இன்னொரு ரகம். நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரத்தையும் அளந்து வையுங்கள். இந்த நின்ற தாண்டலைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன், ஏனென்றால் அது ஓய்வையும் காட்டிக்கொடுக்கும். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் காலை, வார்ம் அப் முடிந்ததும் எல்லோரையும் மூன்று முறை தாண்டச் சொல்லுங்கள். வழக்கமான தூரத்தைவிடத் தெளிவாகக் குறைகிறவனுக்கு அன்று ஓட்டம் வேண்டாம். அவன் வாயால் சொல்லப் பயப்படுவதை அந்த டேப் சொல்லிவிடும்.

மைதானத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு, நாலு ரவுண்டு ஓடினா போயிடும்." தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஓடும்போது சேரும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிப்பது தசை நாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதம். அதை உடம்பு சரிசெய்துகொண்டிருக்கும்போது மேலும் நான்கு ரவுண்டு ஓடவைப்பது, பூசின சிமென்ட் காயும் முன் அதன்மேல் நடப்பது போலத்தான். மெதுவாக நடக்கவிடுங்கள், அது இதமாக இருக்கும்.

வேக நார்க்காரனுக்கு வாரம் எப்படி இருக்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இது. ஒரு நாள் 40, 60 மீட்டர் முழு வேக ஓட்டம் ஆறு ஏழு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நான்கு நிமிடம் நடை. "சும்மா நிக்கறான்" என்று உங்களுக்குத் தோன்றும். உடனடி வேகத்துக்கான எரிபொருள் தசையில் மறுபடி நிரம்ப அந்த மூன்று நிமிடம் வேண்டும். அது இல்லாமல் ஓடினால் அது வேகப் பயிற்சியே அல்ல. அடுத்த நாள் ஓட்டமில்லை. கயிறு மட்டும், அல்லது முழு ஓய்வு. அப்புறம் ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 45 விநாடி வேகத்தில் மூன்று நான்கு முறை, இதுதான் அவனுடைய 1,500க்கான வேலை. இன்னொரு நாள் தாண்டுதலும் உட்கார்ந்து எழும் பலப் பயிற்சியும். வார இறுதியில் மூன்று கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மீதி நாட்கள் ஓய்வு. மெது நார்க்காரன் வாரம் ஐந்து நாள் ஓடினாலும் தாங்குவான். அவனுக்கு ஓட்டத்தைக் கூட்டுவதைவிட, புல் அப்ஸும் எடையும் தாண்டுதலும் கொடுங்கள். இல்லாவிட்டால் கயிற்றில் பாதியில் நின்றுவிடுவான். 100ஆ 400ஆ என்று தேர்ந்தெடுக்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். நடுவில் நிற்கும் பையனுக்கு 400 மீட்டரை 70 விநாடியில் முடிப்பது, 100ஐ 13.5இல் ஓடுவதைவிட எளிதாக இருக்கலாம். இரண்டையும் ஓடவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எல்லோருக்குமே ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம். கடைசி வாரத்தில் "இப்பத்தான் விடாம ஓடணும்" என்று விரட்டுவதில்தான் பல வருட ஆசைகள் போகின்றன. தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். இரவு பதினொன்று வரை எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிட்டு நாலு மணிக்கு எழும் பிள்ளைக்கு எந்த நாரும் தேறாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்ததற்கு இருநூறு தோப்புக்கரணம், தவளை ஓட்டம் என்று தண்டனை கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். பழக்கமில்லாத பிள்ளைக்கு, அதுவும் வெயிலில், தசை நார் கூட்டமாகச் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் ஆபத்து இருக்கிறது. கடும் வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

போன வியாழக்கிழமை உங்களில் ஒருவரின் மாணவன் என்னிடம் வந்தான். முன்னெலும்பில் விரிசல், எக்ஸ்ரேயில் தெரிகிறது. எலும்பு மருத்துவர் ஆறு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவன் மைதானத்துக்கு வருவான். வீட்டில் உட்கார அவனுக்கு மனசு கேட்கவில்லை. வந்தால் ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். அவன் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கயிறு ஏறட்டும். இறங்கும்போது மட்டும் குதிக்கவிடாமல், கீழே நின்று பிடித்து இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைதானங்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்